உதட்டு நீர்க்கட்டிக்குச் செய்யூரிலேயே கத்தி வைக்கலாம்

கீழுதட்டை விரலால் வெளியே மடக்கி, உள்பக்கத்தைச் சுத்தமான துணியால் ஒற்றியெடுத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். துடைத்த இடத்தில் வியர்வை அரும்புவதுபோலச் சின்னச் சின்னத் துளிகள் எழும்பும். ஒவ்வொரு துளிக்கும் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. காதோரம், தாடைக்கடி, நாக்கடி என்று மூன்று ஜோடிப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். உதடு, கன்னம், அண்ணம், நாக்கு என்று வாய் முழுக்க இறைந்து கிடக்கும் 600 முதல் 1,000 வரையிலான குட்டிச் சுரப்பிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊறும் உமிழ்நீரில் அவற்றின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பேசும்போது உதடு பல்லில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல வைக்கும் பசை பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் வருகிறது. விளையாட்டில் விழுந்தோ, சோற்றோடு சேர்த்துக் கடித்தோ, யோசனையில் உதட்டை மென்றுகொண்டே இருந்தோ அந்தச் சுரப்பிகளில் ஒன்றின் குழாய் அறுந்துபோனால், வாய்க்குள் வர வேண்டிய பசைநீர் உதட்டுச் சதைக்குள்ளேயே கசிந்து தேங்குகிறது. சில நாளில் மிளகளவிலோ பட்டாணியளவிலோ, எப்போதாவது கோலிக்குண்டளவிலோ ஒரு பளபளப்பான வீக்கம் எழும்புகிறது. மேலாக இருந்தால் நீலம் பாய்ந்து தெரியும். ஆழத்தில் இருந்தால் உதட்டின் நிறமாகவே இருக்கும். தொட்டால் மெத்தென்று அமுங்கும். வலிக்காது. மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மியூக்கோசீல். ஊரில் உதட்டுக் கொப்புளம், நீர்க்கட்டி.

வலிக்காது என்கிற அந்த ஒரு குணமே இதற்கான சிகிச்சையைக் கெடுத்துவிடுகிறது. பல்வலி வந்தால் நள்ளிரவில்கூட ஆஸ்பத்திரியைத் தேடுவோம். வலிக்காத கட்டியை ஊசியால் குத்திவிடுவோம், பல்லால் கடித்து உடைத்துவிடுவோம், மற்றக் கட்டிகளுக்கு வைக்கிற சுண்ணாம்பையும் மஞ்சளையும் இதற்கும் வைத்துப் பார்ப்போம். குத்தியதும் முட்டையின் வெள்ளைக்கரு போன்ற வழவழப்பான நீர் வடிந்து உதடு சமமாகிவிடும். சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கையில் சில நாளிலோ சில வாரத்திலோ அதே இடத்தில் அது மறுபடி எழும்பும். குத்துகிறவர் வீட்டுப் பெரியவராக இருந்தாலும் மருந்துக்கடைக்காரராக இருந்தாலும், அவசரத்தில் ஒரு டாக்டராகவே இருந்தாலும் பலன் ஒன்றுதான். இதைச் சரிசெய்யும் வழி நீரை வடிப்பதில் இல்லை. நீர் கசியும் சுரப்பியோடு சேர்த்துக் கட்டியை எடுப்பதிலும், எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்வதிலும் இருக்கிறது. அதற்குப் பெரிய நகரமோ பெரிய இயந்திரமோ தேவையில்லை. செய்யூர் போன்ற ஒரு வட்டத் தலைநகரின் பல் மருத்துவ அறையிலேயே அதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

குத்துவது ஏன் பலிப்பதில்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நீர்க்கட்டி என்று சொன்னாலும் இதில் உண்மையான உறை கிடையாது. மற்ற நீர்க்கட்டிகளுக்கு உள்பக்கம் பூசியதுபோல ஒரு மெல்லிய தோல் இருக்கும். இங்கே சதைக்குள் கசிந்த பசைநீரை உடம்பு அந்நியப் பொருளாகப் பாவித்து, அதைச் சுற்றி ஆறுகிற புண்ணில் வளர்வது போன்ற இளஞ்சதையால் ஒரு வேலி கட்டியிருக்கிறது, அவ்வளவே. அந்த வேலியில் ஒரு துளை போட்டால் நீர் போகும். துளை ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். அடியிலிருக்கும் சுரப்பிக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும். குழாய் அறுந்தது அறுந்ததாகவே இருப்பதால் சுரந்த நீர் பழைய குழியில்தான் வந்து சேரும். உடைந்து நிரம்பி, மறுபடி உடைந்து நிரம்பி வருகிற கட்டியில் நாளாக நாளாகத் தழும்பு ஏறுகிறது. மென்மையாக இருந்தது கெட்டிப்படுகிறது, நீலம் மறைந்து வெளுக்கிறது. அதன்பின் அதை எடுப்பதும் சிரமம், பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்வதும் சிரமம். முதல் தடவையிலேயே பத்து நிமிடத்தில் இனம் காணக்கூடிய ஒன்றை, ஆறாவது தடவை குத்தியபின் குழப்பமான ஒன்றாக நாமே மாற்றிவிடுகிறோம்.

இந்தக் கட்டி இன்றைக்கு நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் வாக்படர் உதட்டு நோய்களைப் பட்டியலிடும்போது, நீர்க்குமிழிபோல உதட்டில் எழும்புவதை ஜலார்புதம் என்று தனியாகவே பெயரிட்டு வைத்திருக்கிறார். அதை உடைத்து மருந்துப்பொடி தேய்க்கச் சொன்னவர், ஆழமாகவும் பெரிதாகவும் போய்விட்டால் காரமோ சூடோ வைக்கச் சொல்கிறார். காரமும் சூடும் உள்ளே இருப்பதைச் சுட்டு அழிப்பவை. வெறுமனே உடைத்தால் போதாத கட்டிகள் உண்டு என்று அந்தக் காலத்து வைத்தியருக்கே தெரிந்திருந்தது. சுரப்பி என்ற சொல் அவரிடம் இல்லை; அடியை அழித்தால்தான் மறுபடி வராது என்ற அனுபவம் இருந்தது. நாட்டு வைத்தியத்தை மேற்கோள் காட்டி ஊசியால் குத்திக்கொள்கிறவர்கள் அந்த நூலின் பாதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

"தானாகவே போய்விடுகிறதே, எதற்குக் கத்தி?" என்பது முதல் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. மிகவும் மேலாக, தோலுக்குச் சற்றே அடியில் எழும்பும் சிறு கொப்புளங்கள் தானே உடைந்து, அறுந்த குழாய் தானே வழி செய்துகொண்டு, திரும்ப வராமல் போவது உண்டு. கைக்குழந்தைகளுக்கு வருவதில் கணிசமானவை கத்தி படாமலே மறைகின்றன. ஆகவே நேற்று வந்த கொப்புளத்தை இன்றைக்கே வெட்டு என்று எந்த நல்ல பல் டாக்டரும் சொல்லமாட்டார். சில வாரம் பொறுக்கலாம். உதட்டைக் கடிக்கும் பழக்கத்தை நிறுத்தலாம். கூராக உடைந்த பல்லோ வெளியே துருத்திய பல்லோ உதட்டை உரசிக்கொண்டிருந்தால் அதன் முனையை மழுக்கலாம். ஆனால் பொறுத்திருப்பது வேறு, விட்டுவிடுவது வேறு. பொறுக்கிறவர் அதை முதலில் ஒரு டாக்டரிடம் காட்டியிருப்பார், எத்தனை வாரம் என்று கணக்கு வைத்திருப்பார், உடைக்காமல் இருப்பார். விட்டுவிடுகிறவர் மாதக்கணக்கில் உடைத்துக்கொண்டிருப்பார். மாதம் கடந்தும் நிற்கிற கட்டி, ஒரு தடவை வற்றித் திரும்ப எழும்பிய கட்டி, பேச்சிலும் சாப்பாட்டிலும் பல்லில் மாட்டுகிற கட்டி ஆகியவை தானாகப் போகும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

எடுக்கிற வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பல் பிடுங்கும்போது போடுகிற அதே ஊசிதான்: அட்ரினலின் கலந்த இரண்டு சதவீத லிக்னோகெயின். கீழ்க்கடைவாய்க்கு முன்னால் தாடையெலும்பின் சிறு துவாரத்திலிருந்து உதட்டுக்கு வரும் நரம்பின் அருகே அதைப் போட்டால் அந்தப் பக்க உதடு மரத்துவிடும். உதவியாளர் கட்டியின் இரு பக்கமும் உதட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடிதான் இந்த அறுவையின் உயிர். உதட்டுக்குள் ஓடும் ரத்தக்குழாய் அதில் அமுங்கி ரத்தம் கட்டுப்படுகிறது. கட்டியும் மேலே தூக்கிக் கொடுக்கிறது. டாக்டர் கட்டியின் மேல்தோலில் மெல்லிய நீள்வட்டமாகக் கீறி, சுற்றியுள்ள சதையிலிருந்து கத்தரிக்கோலின் மழுங்கிய முனையால் அதைப் பிரித்தெடுப்பார். கட்டி வெளியே வந்தபின்தான் முக்கியமான வேலை இருக்கிறது. காயத்தின் தரையில், வெளிர் மஞ்சளாக, மீன் சினைபோலச் சிறு உருண்டைகள் பிதுங்கி நிற்கும். அவைதான் சுரப்பிகள். கசிந்ததையும் அதற்கு அக்கம்பக்கத்தில் துருத்தி நிற்பவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். அவற்றை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்துத் தைத்தால், குத்திவிட்ட கதைதான் கொஞ்சம் செலவோடு திரும்ப நடக்கும். தைக்கும்போதும் கவனம் வேண்டும். தையல் ஊசியே பக்கத்துச் சுரப்பி ஒன்றைக் குத்தி அடுத்த கட்டிக்கு வழி செய்துவிடலாம். அதனால் இரண்டு மூன்று தையலோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லாம் சேர்த்து அரைமணி நேரத்துக்குள் முடிகிற காரியம். அன்றைக்கே தயிர்சாதம் சாப்பிடலாம், மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம், ஏறத்தாழ ஒரு வாரத்தில் தையல் பிரிக்கலாம். உதட்டு நரம்பின் சிறு கிளை ஏதாவது பட்டுவிட்டால் அந்த இடத்தில் கொஞ்ச காலம் மதமதப்பு இருக்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

கத்தி வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. கட்டியின் நடுவில் பட்டுநூலை நுழைத்துத் தளர்வாக முடிச்சிட்டு ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவைக்கும் முறை குழந்தைகளுக்கு உகந்தது. நூலைச் சுற்றித் தோல் வளர்ந்து ஒரு புதிய வாய்க்கால் உண்டாகும், நீர் அதன் வழியே வாய்க்குள் வடியும். ஊசி குத்துவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஊசித்துளை மூடிக்கொள்ளும், நூல் அதை மூடவிடாது. உறைய வைத்து அழிப்பது, ஸ்டீராய்டு ஊசி போடுவது போன்றவையும் நடைமுறையில் உள்ளன. தனியார் கிளினிக்குகள் விளம்பரம் செய்கிற லேசரில் ரத்தம் குறைவு, தையல் பெரும்பாலும் தேவைப்படாது. வசதி உள்ளவர் செய்துகொள்ளட்டும். ஆனால் லேசர் கருவி இல்லை என்பதற்காக ஓர் அரசு ஆஸ்பத்திரி கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நன்றாகச் செய்த சாதாரணக் கத்தி அறுவை இன்றைக்கும் இதற்கு முதன்மையான, நம்பகமான சிகிச்சை. இன்னொன்றும் உண்டு: நூல் முறையிலும் உறையவைப்பதிலும் பரிசோதனைக்கு அனுப்பச் சதை கிடைக்காது.

பரிசோதனை என்றதும் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வருகிறது. ஒரு பக்கம் நோயாளி வீட்டார்: கத்தி வைத்தால் புற்று பரவும் என்று நம்புகிறவர்கள். மறுபக்கம் நிர்வாகம்: ஏறக்குறைய எல்லாமே சாதாரணமாக இருக்கப்போகிற ஒன்றுக்கு எதற்கு வீண்செலவு என்று கேட்பவர்கள். முதலாவதற்கு நேரான பதில்: மியூக்கோசீல் புற்றல்ல, புற்றாக மாறுவதும் இல்லை; வாயில் ஒரு கட்டியிலிருந்து சோதனைக்குச் சதை எடுப்பதால் அது பரவுகிறது என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம். 2011-இல் அமெரிக்க நோய்க்குறியியல் வல்லுநர்கள் ஆய்வகத்துக்கு வந்த 1,824 மியூக்கோசீல்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் 100-க்கு 82 கீழுதட்டின் உள்பக்கத்தில் இருந்தவை; நோயாளிகளின் சராசரி வயது 25 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது இளவயதில், கீழுதட்டில், மென்மையாக, ஏறியும் வற்றியும் வருவது என்றால் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். கட்டி மேலுதட்டில் இருந்தால் கதையே வேறு. மேலுதட்டில் மியூக்கோசீல் அரிது. அங்கே வருகிற வலியில்லாத கட்டி சிறு சுரப்பியிலிருந்தே கிளம்பிய உண்மையான கழலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அண்ணத்திலும் கடைவாய்க்குப் பின்னாலும் நீலம் பாய்ந்த மெத்தென்ற வீக்கம் வந்தால், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுகளில் அதிகம் காணப்படும் மியூக்கோஎபிடெர்மாய்டு வகையே அந்த வேடத்தில் வந்திருக்கலாம். வெறும் ரத்தக்குழாய் முடிச்சும் நீலமாகத்தான் தெரியும். அதை நீர்க்கட்டி என்று நினைத்து வீட்டில் ஊசியால் குத்தினால் நீருக்குப் பதில் ரத்தம் கொட்டும். கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்பது அனுபவசாலிகளுக்கே சறுக்குகிற இடம். எடுத்த சதையைப் பார்மலினில் போட்டு அனுப்புவது கூடுதல் ஆடம்பரம் இல்லை, சிகிச்சையின் கடைசிப் பாதி.

இதில் வலியின்மை மறுபடி வந்து நிற்கிறது. 2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 5 பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார். அதில் வாயில் அதக்குகிறவர்களும் பாதிக்குப் பாதி. வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகையால் வாயில் வலிக்காத ஒன்றைக் கண்டால் என்ன செய்வது என்று ஒரு ஊருக்குப் பழகியிருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையின் உதட்டு நீர்க்கட்டியைக் காட்டக் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போய், எடுத்து, பரிசோதனைச் சீட்டு வாங்கி, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு வருகிற வீட்டில், ஐம்பது வயதுத் தகப்பன் தன் கன்னத்து உள்பக்கத்தில் தெரிகிற வெள்ளைத் திட்டைக் காட்டத் தயங்கமாட்டார். "உதட்டுக் கட்டிக்கெல்லாமா ஆஸ்பத்திரி" என்று சிரித்து அனுப்பப்பட்ட வீட்டில் அவர் காட்டமாட்டார். இப்படி ஒரு பழக்கம் உண்டாவதை நான் இந்தச் சிறு அறுவையின் மிகப் பெரிய லாபமாக நினைக்கிறேன்.

செய்யூருக்கு வருவோம். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடி வட்டம் இது. ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையும் மீனவ ஊர்களும் உப்பளங்களும். மறுபக்கம் ஏரிப் பாசன நெல்லும் தர்பூசணியும். பல் மருத்துவத்தைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரி, மதுராந்தகத்தை அடுத்த சின்னகொளம்பாக்கத்தில் கற்பக விநாயகா பல் மருத்துவக் கல்லூரி என்று தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன. செங்கல்பட்டில் 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு இருக்கும்போது செய்யூரிலேயே வேண்டும் என்பது பேராசை இல்லையா என்று கேட்கலாம். வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். கடப்பாக்கத்திலோ சூனாம்பேட்டிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு மதுராந்தகம் போய்வருவதென்றால் ஒரு நாள் போயிற்று. இந்தச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று தடவை போக வேண்டும்: காட்ட ஒரு நாள், எடுக்க ஒரு நாள், தையல் பிரிக்கவும் சீட்டு வாங்கவும் ஒரு நாள். பிள்ளை என்றால் கூடவே ஒரு பெரியவர். 2025-26-க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். மூன்று நாள் என்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல், அதுவும் வலிக்காத ஒன்றுக்காக. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பயணச் செலவைக் குறைக்கும், போன கூலியைத் திருப்பித் தராது. செலவையும் சிரமத்தையும் வலியோடு தராசில் வைத்துப் பார்க்கிற குடும்பம் ஊசியால் குத்திவிடுவதைத் தேர்ந்தெடுத்தால் அதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. தூரத்தைக் குறைத்தால் தராசு தானே சாயும்.

"பல் பிடுங்கவே வரிசை நிற்கிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் டயாலிசிஸும் காத்திருக்கின்றன, இதற்கு எங்கே நேரம்?" என்பதுதான் எனக்குத் தெரிந்து மிகவும் கனமான மறுப்பு. பொதுச் சுகாதாரத்தில் பணமும் ஆளும் குறைவு. உயிருக்கு ஆபத்தில்லாததைப் பின்னால் தள்ளுவது நியாயம்தான். ஆனால் இந்த மறுப்பு, புதிதாக ஏதோ கேட்கிறோம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த அறுவைக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தால் பல் நாற்காலி, வெளிச்சம், மரத்துப்போகும் ஊசி, பிளேடு, கத்தரிக்கோல், தையல் நூல், கருவிகளை வேகவைக்கும் ஆட்டோகிளேவ் என்று எல்லாமே, சிக்கலான ஒரு கடைவாய்ப்பல்லை எடுப்பதற்கு ஏற்கெனவே வேண்டியிருப்பவை. ஐந்தாண்டுப் பல் மருத்துவப் படிப்பில் வாயின் சிறு அறுவைகள் பாடமாகவே இருக்கின்றன. இது அந்தப் பட்டதாரியின் எல்லைக்கு உட்பட்ட வேலை. நேரம் அரைமணி. வாரத்தில் ஒரு பிற்பகலைச் சிறு அறுவைகளுக்கென்று ஒதுக்கினால் உதட்டு நீர்க்கட்டி மட்டுமல்ல, பல்லீறில் வளரும் சதைக்கட்டி, கன்னத்தில் கடிபட்டுத் தடித்த முடிச்சு எல்லாம் அந்த மேசையிலேயே முடியும். குத்திக் குத்தி ஆறுமுறை வருகிற நோயாளியைவிட, ஒருமுறை எடுத்து அனுப்பிய நோயாளி ஆஸ்பத்திரியின் நேரத்தை மிச்சப்படுத்துகிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லாக் கட்டியையும் செய்யூரில் எடுக்கச் சொல்லவில்லை. மேலுதட்டில் வந்தது, அண்ணத்தில் வந்தது, கெட்டியாக இருப்பது, நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்து வற்றாமல் வளர்வது, நாக்கடியில் தவளையின் தொண்டைப் பைபோல உப்பி நிற்பது, அமுக்கினால் வெளுத்துப்போய்த் துடிக்கிற நீலக்கட்டி ஆகியவற்றைத் தொடாமல் மேலே அனுப்ப வேண்டும். நாக்கடிக் கட்டியில் நாக்குக்கு அடியில் இருக்கும் பெரிய சுரப்பியையே எடுக்க வேண்டியிருக்கலாம்; அது மயக்க மருந்தும் பயிற்சிபெற்ற கையும் வேண்டுகிற வேலை. ஊசியைக் கண்டாலே துள்ளும் நான்கு வயதுக் குழந்தையையும் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செய்யக் கூடாது. நூல் முறையோ கொஞ்சம் காத்திருப்பதோ முடியாதென்றால் செங்கல்பட்டுக்கு அனுப்பி மயக்கத்தில் எடுக்கலாம். இந்தப் பிரிப்பைச் செய்யத் தெரிந்த ஒரு கண் வட்ட அளவில் இருப்பதே முக்கால் பங்கு வேலை. அறுவை செய்தும் சிலருக்குத் திரும்ப வருகிறதே என்பார்கள். வருகிறது; பக்கத்துச் சுரப்பி விடுபட்டாலோ உதட்டைக் கடிக்கும் பழக்கம் தொடர்ந்தாலோ வருகிறது. அப்படித் திரும்பி வந்தால் எதை விட்டோம் என்று தெரிந்து மறுபடி எடுக்கலாம். குத்தியதால் திரும்பி வருவதில் அந்தத் தெளிவே கிடையாது.

உண்மையிலேயே செய்யூரில் கைக்கு எட்டாதது நோய்க்குறியியல் ஆய்வகம் ஒன்றுதான். அதற்கும் கட்டடம் கட்டவேண்டியதில்லை. பத்து மடங்கு பார்மலினில் மூழ்கிய பட்டாணியளவு சதை, மூடி இறுகிய சிறு புட்டியில் நாட்கணக்கில் கெடாமல் இருக்கும், குளிர்பெட்டிகூட வேண்டாம். வெளியே பெயர், வயது, எந்த உதடு, எத்தனை மாதமாக என்று நான்கு வரி எழுதி ஒட்டினால் போதும். காசநோய்க்குச் சளி மாதிரிகளை ஆய்வகத்துக்கு எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்யத் தெரிந்த சுகாதாரத் துறைக்கு, வாரம் ஒருமுறை இந்தப் புட்டிகளைச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது பெரிய காரியமல்ல. முடிவை நோயாளி தேடிப்போகாமல் முடிவே செய்யூருக்கு வந்து, தையல் பிரிக்கிற அன்றோ அடுத்த வாரமோ மேசைமேல் இருக்க வேண்டும். அரசு நேரடியாகச் செய்ய முடியாதென்றால் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளின் வாய்நோய்க்குறியியல் துறைகளோடு எழுத்துப்பூர்வமாக ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். மாணவர்கள் படிக்கச் சதைச் சில்லுகள் அந்தத் துறைகளுக்கும் தேவை.

கண்டுபிடிக்கிற வேலைக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிகளுக்கு இரண்டு முறையும் வந்து பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. பல்லில் சொத்தை இருக்கிறதா என்று வாயைத் திறக்கச் சொல்லும்போதே, கீழுதட்டை ஒருமுறை மடக்கிப் பார்ப்பதற்கு இரண்டு நொடி கூடுதலாக ஆகும். உதட்டைச் சப்புகிற, மெல்லுகிற பிள்ளையும் அப்போதே கண்ணில் படும். கட்டி இருந்தால் அன்றைக்கே ஒரு சீட்டு, அதில் செய்யூர் ஆஸ்பத்திரியின் சிறு அறுவைக் கிழமை. வகுப்பாசிரியருக்கும் தெரிந்திருப்பது நல்லது. உதட்டில் உருண்டையோடு வருகிற பிள்ளை கேலிக்கு ஆளாவதும், வாயை மூடி மூடிப் பேசுவதும், படிக்கச் சொன்னால் எழுந்து நிற்கத் தயங்குவதும் வலியின் கணக்கில் வராத வேறு துன்பங்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தாயிடம் சொல்ல வேண்டிய ஒன்று அவசரத்தில் விடுபட்டுப்போகக் கூடாது. ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைக்கு உதடு தன்னுடையதாகவே தெரியாது. வேடிக்கையாகக் கடிக்கும், மெல்லும், வலிக்காததால் இன்னும் அழுத்திக் கடிக்கும். மரப்பு விலகும்போது தையலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு புண் இருக்கும், அதன் அடியில் இன்னொரு குழாய் அறுந்திருக்கலாம். பசிக்கிறது என்று பஸ் நிறுத்தத்தில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு பஞ்சை மடித்து வைத்து, மரப்பு போகும்வரை பிள்ளையைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறி இரண்டு மணி நேரம் கூட்டத்தில் நின்று ஊர்போய்ச் சேருகிற தாய்க்கு அது முடியாத காரியம். ஆஸ்பத்திரி செய்யூரில் என்றால் மரப்பு விலகும்வரை பிள்ளையை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்திருந்து, உதட்டைக் கிள்ளினால் உணர்ச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டே அனுப்பலாம்; அதன்பிறகும் வீடு போய்ச் சேர வெளிச்சம் இருக்கும்.